மூத்த மாணவருக்குத் தண்டிக்கும் உரிமையை யார் கொடுத்தது?

சென்ற வாரம் பாடசாலையில் நடந்ததை நான் மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட படிக்கட்டில் ஏறியதற்காகத் தரம் 6 பிள்ளை ஒன்று மாணவத் தலைவர் ஒருவரால் வெயிலில் முழந்தாளிட வைக்கப்பட்டதைவிட, "இதில் என்ன தவறு?" என்று என் நண்பர்களே கேட்டதுதான் என்னை வருத்துகிறது.

ஆசிரியர்கள் மாணவர்களை உடல்ரீதியாகத் தண்டிப்பதைக் இலங்கைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடுக்கிறது. அதிபருக்கே இல்லாத அதிகாரம் பதினெட்டு வயது மாணவத் தலைவருக்கு எப்படி வந்தது?

நான் மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் பாடசாலை விடுதியொன்றில் தங்கிப் படித்தவன். மூத்த மாணவர்களான அண்ணாமாரின் சப்பாத்துகளைத் துடைப்பதும் உடுப்புகளைத் தோய்ப்பதும் எங்கள் வேலை. அப்பா தொலைபேசியில் "சாப்பிட்டாயா மகன்?" என்று கேட்கும்போது பின்னால் ஓர் அண்ணா நிற்பார், "ஓம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. என்னோடு சேர்ந்து இரவில் அழுத நண்பன்தான், இரண்டு வருடம் கழித்து, புதிதாக வந்த சிறுவர்களிடம் எல்லோரையும்விடக் கொடூரமாக நடந்துகொண்டான். இந்த முறை ஒழுக்கத்தை வளர்த்ததை நான் காணவில்லை. அடிபட்டவன் தன் முறைக்காகக் காத்திருந்ததைத்தான் கண்டேன்.

"நாங்களும் பட்டுத்தானே வளர்ந்தோம், என்ன கெட்டுப்போனோம்?" என்பீர்கள். உங்களோடு படித்து, இடையில் விலகிப்போனவர்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாணவத் தலைவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தட்டும், வாயிலில் நிற்கட்டும். தண்டிக்க மட்டும் வேண்டாம்.

முழந்தாளிடுவதும் தோப்புக்கரணமும் சிறிய விடயம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் வரப்பிரகாஷ், மூத்த மாணவர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டு பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போனதும் திடீரென்று எவரும் கொடியவராவதில்லை. அந்தப் பழக்கத்தைப் பலர் பாடசாலையிலிருந்தே கொண்டுபோகிறார்கள்.

"பாடசாலையின் பெயர் கெட்டுவிடும்" என்கிறார்கள் பழைய மாணவர்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் முழங்கால் உரிந்தபோது கெடாத பெயர், அதன் தாய் முறைப்பாடு செய்ததால் கெட்டுவிடுமா? அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, முறைப்பாட்டை மீளப்பெறும்படி அண்ணன் தம்பி உரிமையில் வற்புறுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அழைத்தது முற்றிலும் சரி. விசாரணைக்குத் துணையாக யாராவது வர வேண்டுமென்றால் நான் போவேன்.