'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

அந்தத் தண்ணீர் மோட்டார் கையேட்டை இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்து சிரிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'டு நாட் ரன் டிரை' என்று இருந்ததைத் தமிழில் "உலர்ந்து ஓடாதே" என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றெரிச்சல்தான். அது ஓர் எச்சரிக்கை. பம்பில் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் 'சீல்' என்ற பாகத்தைச் சூடேறாமல் காப்பதே உள்ளே இருக்கும் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடினால் சீல் தேய்ந்து ஒழுக ஆரம்பிக்கும். "தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்" என்று இருந்திருக்க வேண்டும்.

தானாக ஓடுவதற்கும் ஒன்றை ஓட்டுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே 'ரன்'. தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. இதைக் கவனிக்காததால் வந்த வினை.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த வினைச்சொல்லுக்கு 645 பொருள் பிரித்திருக்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பக்கத்துச் சொல்லைப் பாருங்கள், போதும். எது 'ரன்' ஆகிறது? மூக்கு என்றால் ஒழுகுகிறது, துணி என்றால் சாயம் போகிறது, ஒப்பந்தம் என்றால் அமலில் இருக்கிறது. எதை 'ரன்' செய்கிறார்கள்? நிறுவனத்தை என்றால் நடத்துகிறார்கள், செய்தியை என்றால் வெளியிடுகிறார்கள். பின்னால் 'அவுட்' ஒட்டினால் தீர்ந்துபோகிறது, 'இன்டு' ஒட்டினால் எதிர்பாராமல் சந்திப்பது அல்லது மோதுவது. தேர்தலில் அமெரிக்கர் 'ரன்' செய்வார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' செய்வார். நம் வேட்பாளரும் நிற்கத்தானே செய்கிறார்?

"ஆங்கிலமே குழப்பமான மொழி" என்பவர்களுக்கு: கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசுக்குள் என்னவோ ஓடுகிறது. கூரையிலும் ஓடு, ஆமைக்கும் ஓடு. நாம் குழம்புகிறோமா? பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தானே புரிந்துகொள்கிறோம்.

"இயந்திரம் செய்த மொழிபெயர்ப்புதானே" என்கிறீர்கள். இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் ஒருவர் படித்திருக்கலாமே.

"தொழில்நுட்பத்துக்குத் தமிழ் ஒத்துவராது" என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் வலிக்கிறது. மொழிபெயர்ப்பவருக்குப் பல நேரம் வாக்கியமே வருவதில்லை. எக்செல் கட்டத்தில் 'ரன்' என்ற ஒற்றைச் சொல் வரும். மென்பொருள் பொத்தானா? இயக்கு. கிரிக்கெட் ஸ்கோர் பலகையா? ஓட்டம். அது எந்தத் திரையில் வரும் என்று கேட்டால் பதில் வராது, கெடு மட்டும் வரும். அந்தத் திரையின் ஒரு படத்தைச் சேர்த்து அனுப்ப எவ்வளவு நேரமாகும்? அதை அனுப்பாதவர்களை விட்டுவிட்டுத் தமிழைக் குறை சொல்கிறீர்கள்.