சுவீடன் கணக்காய்வைக் கைவிடவில்லை
உத்தியோகத்தரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் ‘நம்பிக்கை அடிப்படையிலான நிர்வாகத்துக்கு’ மாறிய சுவீடன் அரச சேவையில் கணக்காய்வையே நீக்கிவிட்டது என்று ஒரு பதிவில் எழுதப்பட்டிருப்பதைத் திருகோணமலை நண்பர்கள் பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியன்று. 2016 இல் அந்நாட்டு அரசு அமைத்த நம்பிக்கைக் குழு ஆராய்ந்தது, அளவுமீறிய கட்டுப்பாட்டைக் குறைத்து, மக்களை நேரில் சந்திக்கும் உத்தியோகத்தர் தாமே தீர்மானிக்கக்கூடிய இடத்தைக் கூட்டுவது பற்றியே. ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் நிரப்பிவிட்டுக் கருமபீடத்தில் காத்துநின்ற எவருக்கும் அதன் தேவை விளங்கும். நாடாளுமன்றத்தின் கீழுள்ள தேசியக் கணக்காய்வு அலுவலகமோ இன்றும் இயங்குகிறது. ஐயமுள்ளோர் அவ்வலுவலகத்தின் இணையத்தளத்தில் ஆங்கிலத்திலும் வெளியாகும் அறிக்கைகளின் திகதிகளைப் பார்க்கலாம். குழுவின் அறிக்கையை சுவீடன் அரச ஆய்வறிக்கை வரிசையின் எஸ்.ஓ.யூ. (SOU) 2018:47 என்ற இலக்கத்தைக் கொண்டு தேடலாம்.