கத்தி சுத்துற பையன் போயிட்டான்

ஐபிஎல்லில் நம் சென்னை டீம் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி சனிக்கிழமை உறுதியானதும் நான் பதிவாகப் போட்டது இரண்டே வரி. "ஜட்டுவும் போயாச்சு. இனி சீசன் வந்தால் சாயங்காலத்தில் வேறு வேலை பார்க்கலாம்." அதற்குக் கிடைத்த மரியாதையை நீங்களே பார்த்தீர்கள். எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போட விருப்பமில்லை. அடியில் வந்த பதில்களில் ஒன்று மட்டும் இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "சார், இது பிசினஸ். சென்டிமென்ட் பார்க்காதீங்க. நீங்கள் எல்லாம் சீசன் ஃபேன், போனால் போங்க, யாருக்கும் நஷ்டமில்லை." அதற்கு நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் ஸ்மைலி வேறு. அதில் நாலைந்து பேர் என் கல்யாணத்தில் வந்து சாப்பிட்டவர்கள்.

சரி. நான் சீசன் ஃபேன்தான். எழுதி வேண்டுமானால் தருகிறேன். எனக்கு நெட் ரன்ரேட் கணக்குப் போடத் தெரியாது. ஏலத்தில் எந்த டீம் பர்ஸில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. ஃபேன்டஸி டீம் ஒரு நாளும் போட்டதில்லை. மேட்ச் ஓடினால் பார்ப்பேன், நடுவில் எழுந்து போய் இரண்டு தோசை சாப்பிடுவேன், கடைசி நாலு ஓவருக்கு வந்து உட்காருவேன். ஜெயித்தால் மறுநாள் ஆபீஸில் ஒரு டீ கூடுதலாகக் குடிப்பேன். சும்மா பார்ப்பவன். அந்தச் 'சும்மா'தான் உங்களுக்கு இளக்காரமாக இருக்கிறது. ஆனால் இந்த ஆட்டத்தை இவ்வளவு பெரிதாக்கியது ஸ்கோர்கார்டை மனப்பாடம் செய்த நீங்கள் இல்லை. பெட்டிக்கடை வாசலில் சைக்கிளை ஒரு காலில் தாங்கி நிறுத்திக்கொண்டு "ஸ்கோர் என்னண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போன ஆட்கள்.

நான் சொல்ல வருவது ரொம்பச் சின்ன விஷயம். சும்மா பார்ப்பவனுக்கு இரண்டே இரண்டு வேண்டும். ஒன்று, தெரிந்த முகம். இன்னொன்று, கேட்காமலே வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. இரண்டையும் எடுத்துவிட்டு, "ஏன் சார் ஆர்வம் குறைஞ்சுபோச்சு?" என்று எங்களையே கேட்டால் எப்படி?

எங்கள் அம்மாவைச் சொல்கிறேன். மன்னார்குடியில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. எல்பிடபிள்யூ என்றால் இன்றுவரை "கால்ல பட்டுடுச்சு", அவ்வளவுதான். முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டே மேட்ச் பார்ப்பார். சென்னை டீமில் அவருக்குப் பெயரோடு தெரிந்தது தோனி ஒருவர். மற்றவர்களுக்கெல்லாம் அவரே பெயர் வைத்துவிடுவார். பிராவோ "டான்ஸ் ஆடுறவன்". இம்ரான் தாஹிர் "ஓடிப்போறவன்", விக்கெட் எடுத்ததும் மைதானத்தின் அந்தக் கோடிவரை ஓடுவாரே, அதனால். ஜடேஜா "கத்தி சுத்துற பையன்". ஐம்பது அடித்துவிட்டு மட்டையைச் சுழற்றியபோது "யார் மேலயாவது பட்டுடப்போவுதுடா" என்று நிஜமாகவே பயந்தவர். அப்புறம் அதுவே பிடித்துப்போயிற்று.

2012-ல் வந்தவர் ஜடேஜா. டீமைத் தடை செய்த அந்த இரண்டு வருடத்தைக் கழித்தால்கூடப் பத்து வருடத்துக்கு மேல். எங்கள் தெருவில் அத்தனை வருடம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் கிடையாது. அவரைத்தான் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறார்கள், கூடவே சாம் கரனையும் தூக்கிக் கொடுத்து. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடி ஆயிற்றாம். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு வாங்கும்போது எடை குறைப்பார்களே, அதுபோல இருந்தது எனக்கு.

"அவரே விரும்பிப் போயிருக்கலாம்ல?" இருக்கலாம். 2008-ல் அவர் ஐபிஎல் ஆட ஆரம்பித்ததே ராஜஸ்தானில்தான். போகட்டும். சஞ்சு மீதும் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல ஆட்டக்காரர்.

"மெஸ்ஸியே பார்சிலோனாவை விட்டுப் போனார், உலகம் நின்றுவிட்டதா?" நிற்கவில்லை. ஆனால் 2021-ல் அந்த மனிதர் மைக் முன்னால் டிஷ்யூவை வைத்துக்கொண்டு அழுதார், பார்த்தீர்களா இல்லையா? அவர் அழலாம், நான் இரண்டு வரி போடக்கூடாது. நல்ல நியாயம்.

இது முதல் தடவையும் இல்லை. அஷ்வின் போனபோது "ஏலத்தில் அப்படித்தான்" என்றீர்கள், சரி என்றேன். 2022-ல் ரெய்னாவை ஏலத்தில் யாருமே எடுக்கவில்லை, நம் ஆட்களும்தான். சின்ன தல சின்ன தல என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் அன்றைக்கு "ஃபார்ம் இல்ல ப்ரோ" என்றீர்கள். டு பிளெஸ்ஸி போனார். அஷ்வின் திரும்பி வந்தார், ஒரே சீசன், முடிந்தது. கபடியிலும் இதே கதைதான். தமிழ் தலைவாஸை அஜய் தாக்கூர் இருந்தவரை உட்கார்ந்து பார்த்தேன். அதற்கப்புறம் டீமில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த முகத்தைப் பார்த்து நான் கைதட்டுவது? ஜெர்சிக்கா? ஜெர்சியில் இருக்கும் விளம்பரமே வருஷத்துக்கு ஒன்று மாறுகிறது.

அடுத்து டிவிக்கு வருகிறேன். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. ஒரு மேட்சுக்குச் சுமார் 118 கோடி, 240 பந்து என்று வைத்தால் ஒரு பந்துக்கு 49 லட்சம். அம்மா கீரைக்காம்பைக் கிள்ளும் நேரத்தில் போய்விடும் ஒரு பந்து. இவ்வளவு கொடுத்தவன் சும்மா விடுவானா? ஓவருக்கு ஓவர் விளம்பரம், போதாததற்கு மேட்சுக்கு நாலு முறை இரண்டரை நிமிட டைம் அவுட். மேட்ச் முடியப் பதினொன்றரை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகிறவன் எப்படிப் பார்ப்பான்?

2023-ல் போனில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். 2025-ல் முதல் சில நிமிடம் காட்டிவிட்டுக் காசு கேட்டார்கள். "149 ரூபாய் ஒரு காசா சார்?" என்று கேட்காதீர்கள். காசு பிரச்சினையே இல்லை. ஊரில் கேபிள்காரரிடம் எந்தப் பேக், எந்தச் சேனல் என்று மூன்று தடவை பேசியாகிவிட்டது, வந்தபாடில்லை. கடைசியில் நான் போனில் சந்தா கட்டி, ஓடிபி என் நம்பருக்கு வந்து, அதை நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்து மெதுவாக அம்மாவுக்குச் சொல்லி, அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது காலாவதியாகி, இன்னொரு ஓடிபி. ஒரு வழியாகப் படம் வந்தால் பக்கத்து வீட்டு டிவியில் "ஓ" என்று சத்தம். அங்கே சிக்ஸ் போய்விட்டது, அம்மாவின் போனில் பௌலர் இன்னும் ஓடிவந்துகொண்டிருக்கிறார். "சத்தத்தை வெச்சே தெரிஞ்சுக்கறேன், விடுடா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதுதான் அவர் கடைசியாகப் பார்த்த மேட்ச் என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய வருடம் இன்னொன்று. "ஏண்டா, பௌலிங் போட்ட அந்தப் புள்ளையைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" ஆட்டத்தின் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கும் இம்பாக்ட் பிளேயர் விதியைப் பத்து நிமிடம் விளக்கினேன். "அப்ப பதினோரு பேர் இல்லையா, பன்னெண்டு பேரா?" ஆமாம் என்றேன். "சொல்லவே இல்லையே" என்றார். ரோஹித் சர்மாவே தனக்கு அந்த விதி பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் பேச்சே எடுபடவில்லை, மன்னார்குடிக் கிழவி பேச்சா எடுபடப்போகிறது. அந்த வருடம்தான் பெங்களூரில் ஹைதராபாத் 287 அடித்தது, பெங்களூர் திருப்பி 262 அடித்தது. ஒரே ராத்திரியில் 549 ரன். ஒரு சிக்ஸர் அடித்தால் எழுந்து நிற்பேன். முப்பது நாற்பது சிக்ஸருக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்தால் முட்டி வலிக்கும்.

இப்போது வருவீர்கள், தெரியும். "வியூவர்ஷிப் ரெக்கார்டு சார், ஆள் குறையுதுன்னு யார் சொன்னது?" ரெக்கார்டுதான். அந்த ரெக்கார்டில் நானும் ஒரு ஆள், ஆன் செய்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனவன். கணக்கில் தூங்கியவனுக்கும் விழித்தவனுக்கும் ஒரே எண்தான். நான் பேசுவது அதை இல்லை. டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் கடைசியாக எப்போது உங்களிடம் ஸ்கோர் கேட்டார், சொல்லுங்கள். "எல்லார் கையிலும் போன் இருக்கு, எதுக்குக் கேட்கணும்?" என்பீர்கள். அதுவும் சரிதான். பதில் இல்லை என்னிடம். ஆனாலும் கேட்கவில்லை, இல்லையா?

"நேரில் போய்ப் பாருங்களேன்." போகப் பார்த்தேனே! 2025 சீசனில் சேப்பாக்கத்தில் டிக்கெட் ஆரம்பமே 1,700. வீட்டில் நாலு பேர், 6,800. அதையாவது கொடுக்கிறேன் என்றால், ஆப்பைத் திறந்தவுடன் எனக்கு முன்னால் ஒன்றரை லட்சம் பேர் வரிசையில் நிற்பதாகக் காட்டியது. நிற்பது என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். முக்கால் மணி நேரத்தில் 'விற்றுத் தீர்ந்தது'. சாயங்காலமே தெரிந்தவர் ஒருவர் ஐயாயிரத்துக்கு வேண்டுமா என்று கேட்டார். இப்போது ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதம். கசினோ, குதிரைப் பந்தயம், அதே வரிசையில் நம் சேப்பாக்கம். அரசாங்கத்துக்காவது இது என்ன என்று சரியாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு எதற்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் என்றால், நான் இதை வேறு மாதிரி பார்த்து வளர்ந்தவன். அப்பா ரேடியோவில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். சச்சின் 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட். 12 ரன்னில் தோற்றோம். அரங்கமே எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. அம்மாவுக்குக் கோபம், "அவங்க தோத்ததுக்கு நான் வடிச்ச சோறு என்ன பண்ணுச்சு?" அப்போது இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட் என்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் மூன்று ஞாயிறு அடுத்தடுத்து மூன்று மேட்ச். மூன்றாவதுக்கு நான் துணி அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். ("அப்போ டெஸ்ட் பாருங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லீவு நீங்கள் போடுகிறீர்களா?)

நஷ்டமில்லை என்று சொன்ன நண்பருக்கு ஒன்று. 2025 ஜூன் 4, பெங்களூரு, அந்த ஊர் டீம் ஐபிஎல் கோப்பை ஜெயித்த மறுநாள். 11 பேர் நெரிசலில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பர்ஸ் கணக்குப் பார்க்க வந்தவர்கள் இல்லை, முகம் பார்க்க வந்தவர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம், கை நடுங்குகிறது.

சரி, எல்லாரையும் சொல்லிவிட்டு என்னை விட்டால் நியாயமில்லை. 2023 ஏப்ரல் 30, பஞ்சாப் மேட்ச், ஞாயிறு மதிய வெயில். நான் சேப்பாக்கத்தில் இருந்தேன். கடைசி ஓவர்கள், ஜடேஜா ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் அவுட்டானால் தோனி வருவார். மொத்த ஸ்டாண்டும் ஜடேஜா அவுட்டாகவேண்டும் என்று கத்தியது. நானும் கத்தினேன். இருபதாவது ஓவரில் அவுட்டானார், நாங்கள் குதித்தோம். நம் ஆள் அவுட்டானதற்கு நாம் குதித்தோம்! மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் படிக்கட்டையே பார்த்தோம். தோனி வந்து கடைசி இரண்டு பந்தையும் சிக்ஸர் அடித்தார். மேட்ச் கடைசிப் பந்தில் தோற்றோம், அது வேறு. அந்த சீசனிலேயே ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார், நான் இன்னும் முன்னாடியே ஆட இறங்கினால் நான் அவுட்டாகத்தான் காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு மாதத்தில் அகமதாபாத்தில் ஃபைனல். மழை நின்று, 2 பந்தில் 10 ரன். தோனி முதல் பந்திலேயே அவுட்டாகிப் போய்விட்டார் அன்று. மணி ஒன்றரை. ஜடேஜா அடித்தார், சிக்ஸ், ஃபோர். மன்னார்குடியில் அம்மா சாமி விளக்கை மறுபடி ஏற்றியிருக்கிறார், போனில் அழுகிறார். தோனி ஜடேஜாவை அப்படியே இடுப்போடு தூக்கினார். அந்த ஆள்தான் இப்போது 'ட்ரேடு'.

நேற்று ராத்திரி அம்மாவுக்குச் சொன்னேன். மூன்று நாள் தள்ளிப்போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"எந்த ஊருக்குடா?"

"ராஜஸ்தான்மா."

"அவங்க என்ன கலரு சட்டை?"

"பிங்க்."

"பிங்க்கா? அவனுக்கு எடுப்பா இருக்காதே" என்றார்.