பயம் தெளியும் வரை வீட்டில் வைத்திருந்தால் சரியாகுமா?

ஒரு அண்ணன் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறீர்கள்: பள்ளிக்கூடம் போகப் பயப்படும் பிள்ளையைப் பயம் தெளியும் வரை வீட்டில் வைத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று. நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. பயத்தில் காலையில் வரும் வயிற்றுக்குத்து வீட்டில் நின்றதும் அடங்கும், போகாமல் விட்டதால்தான் தப்பினேன் என்று பிள்ளையின் மனம் பழகிக்கொள்ளும், நாள் கூடக் கூடத் திரும்பப் போவது இன்னும் கஷ்டமாகும்.

அதற்காக அடித்து இழுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை (அதுவும் நம் ஊரில் நடக்கிறதுதான்). வகுப்பாசிரியரிடம் பேசி முதலில் கேற் வரை, அப்புறம் ஒரு பாடம், பிறகு இடைவேளை வரை என்று கூட்டலாம். யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். வலி எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது விடுகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள், சனி, ஞாயிறு, போயா உட்பட. காலை ஆறரைக்கு வந்து, ஸ்கூல் வேன் போனதும் விட்டு, லீவு நாளில் எட்டியும் பார்க்காவிட்டால் பயமாக இருக்க வாய்ப்பு அதிகம். வலி நடிப்பில்லை, உண்மையாகவே வலிக்கும். வேறு நோய் இல்லையா என்று டொக்டரிடமும் ஒருக்கால் காட்டுங்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேளுங்கள், இல்லையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள், தமிழிலேயே பேசலாம்.