எக்செல் ஷீட் போதுமாம்

முந்தாநாள் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். முழுசாக மறுபடி சொல்லப் போவதில்லை. பேச்சு ஃபீச்சர் மாடல் பற்றி, அதாவது ஒரு சாஃப்ட்வேரில் என்னென்ன ஆப்ஷன்கள் உண்டு, எது எதோடு சேரலாம், சேரக்கூடாது என்று எழுதி வைப்பது பற்றி. "ஃபீச்சர் மாடல் எழுதத் தனியா ஒரு மொழி எதுக்கு? ஒரு எக்செல் ஷீட் போதுமே" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்புதான் இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வாய் வரவில்லை.

ஒரே சாஃப்ட்வேரை ஆளுக்கொரு வடிவத்தில் கொடுக்கிறோம். ஒருவருக்குக் கேமரா வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம். புராடக்ட் லைன் என்பது அவ்வளவுதான். வேண்டும், வேண்டாம் என்ற பட்டியல் எக்செல்லில் அடங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைவலி பட்டியலில் இல்லை, ஆப்ஷன்களுக்கு இடையில் இருக்கும் விதிகளில் இருக்கிறது. இது வந்தால் அதுவும் வந்தாக வேண்டும். இது இருந்தால் அது கூடாது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் எடுக்கலாம். அந்த விதிகளைக் கம்ப்யூட்டர் படித்துச் சரிபார்க்கும்படி எழுதி வையுங்கள் என்கிறேன். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒன்றையொன்று சாராத 33 ஆப்ஷன் இருந்தாலே கிட்டத்தட்ட 859 கோடி வடிவங்கள் வரும். உலகத்தில் அத்தனை மனிதர்கள் கிடையாது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஆப்ஷன்கள் பத்தாயிரத்தைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. அவர்கள் 2002லிருந்து கேகான்ஃபிக் என்று இதற்கென்றே ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆப்ஷனுக்கு ஒய் போட்டால் கெர்னலுக்குள்ளேயே சேரும், எம் போட்டால் வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூல், என் போட்டால் கிடையாது. எது எதைச் சார்ந்தது என்பது அந்தந்த ஆப்ஷனுக்குக் கீழேயே எழுதியிருக்கும். எதற்காக அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று சிரித்தவர்கள் ஒரு நிமிஷம் யோசித்தார்களா?

எக்செல்லை நம்பி நான் பட்ட பாடு ஒன்று உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கருவியின் ஃபர்ம்வேருக்கு, அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேருக்கு, இப்படித்தான் ஷீட் இருந்தது. நூற்று நாற்பது வரி இருக்கும். விதிகள் எல்லாம் செல்லின் மூலையில் சின்னச் சிவப்பு முக்கோணம் தெரியுமே, அந்தக் கமெண்டுக்குள். "ரிமோட் அப்டேட் போட்டால் கையொப்பச் சரிபார்ப்பையும் கட்டாயம் போடவும்" என்று ஒரு கமெண்ட். வரும் அப்டேட் நாங்கள் அனுப்பியதுதானா என்று பார்ப்பது அந்தச் சரிபார்ப்பு. புது வாடிக்கையாளருக்காக ஒருவர் அந்த வரிகளை வேறொரு ஷீட்டுக்கு வேல்யூ மட்டும் பேஸ்ட் செய்தார். கமெண்ட் கூடவே போகவில்லை. ரிமோட் அப்டேட் இருந்தது, சரிபார்ப்பு இல்லை. பில்டும் அழகாக முடிந்தது, எர்ரர் எதுவும் வரவில்லை. யார் எதை அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும் கருவிகளாக வெளியே போய், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அதற்கப்புறம்தான் எல்லா விதிகளையும் ஃபீச்சர் மாடலாக எழுதினோம். முதல் நாளே டூல் ஒரு டெட் ஃபீச்சரை, அதாவது எந்த வடிவத்திலும் வர முடியாத ஆப்ஷனை, காட்டியது. ஆஃப்லைன் பதிவுக்குப் பெரிய மெமரி வேண்டும் என்று ஒரு வரி. ஆஃப்லைன் பதிவு பேட்டரி மோடில்தான் ஓடும் என்று இன்னொரு வரி. பேட்டரி மோடில் பெரிய மெமரி கூடாது என்று எங்கோ கீழே மூன்றாவது வரி. மூன்றையும் மூன்று பேர் எழுதியிருந்தார்கள், தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. சேர்த்துப் பார்த்தால் ஆஃப்லைன் பதிவை எந்த வடிவத்திலும் போடவே முடியாது! அதற்கு இரண்டு மாதம் கோடு எழுதியிருந்தோம். மாடலைத் தர்க்க வாய்பாடாக மாற்றி சாட் சால்வரிடம், அதாவது எல்லா விதிகளும் ஒன்றாகப் பொருந்துமா என்று பார்க்கும் புரோகிராமிடம், கொடுத்தால் ஒரு நொடிகூட ஆகாமல் சொல்லிவிடுகிறது. எக்செல் சொல்லுமா?

"மொழி இருந்தால் மட்டும் தப்பு நடக்காதா, கேகான்ஃபிக்கில் செலக்ட் படுத்தும் பாடு தெரியாதா" என்று கேட்பீர்கள். தெரியும். ஓர் ஆப்ஷனுக்குக் கீழே இன்னொன்றை செலக்ட் என்று எழுதினால், அந்த இன்னொன்று எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்காமலே அதை இயக்கிவிடும். கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அவர்களுடைய ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அது எழுத்தில் இருப்பதால்தான் தேடிப் பிடிக்க முடிகிறது. செல் கமெண்டில் இருப்பதை எந்த டூல் தேடும்?

"எத்தனை மொழிகள், எதைத்தான் கற்பது" என்ற கேள்வி நியாயமானது. 1990இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கியோ காங் குழுவினர் ஃபோடா என்ற முறையில் ஃபீச்சர்களைப் படமாகப் போட்டு ஆரம்பித்தது. அப்புறம் டிவிஎல், கிளாஃபர் என்று ஒவ்வொரு ஆய்வுக்குழுவும் தனக்கென்று ஒரு மொழியை உருவாக்கியது. சிவிஎல் என்று பொதுவாக ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார்கள், தரமாகாமலே நின்றுபோனது. எனக்கும் இதில் வருத்தம் உண்டு. ஆனால் 2021இல் யுவிஎல் என்ற பொது மொழி வந்துவிட்டது. பல குழுக்கள் உட்கார்ந்து பேசி உண்டாக்கியது. பைத்தான் மாதிரி உள்தள்ளி எழுதினால் போதும். மேலே ஃபீச்சர்கள்: மேண்டேட்டரி (கட்டாயம்), ஆப்ஷனல் (வேண்டுமானால்), ஆல்டர்நேட்டிவ் (ஒன்று மட்டும்), ஆர் (குறைந்தது ஒன்று). கீழே நிபந்தனைகள். ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். டெக்ஸ்ட் ஃபைல் என்பதால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் டூலில் போடலாம், யார் எந்த விதியை எப்போது மாற்றினார் என்று வரிவரியாகப் பார்க்கலாம்.

"நேரமில்லை" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்த கருவிகளைப் பிரித்துச் சரிசெய்ய எங்களுக்கு நேரம் கிடைத்தது.

"கட்டுரை படிச்சிட்டு வந்து பாடம் எடுக்காதீங்க" என்றும் ஒருவர் சொன்னார். கட்டுரை படிப்பது என்றைக்குக் குற்றமானது? நான் படித்ததால் பேசவில்லை, பட்டதால் பேசுகிறேன்.

அந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. எட்டு வருடம் அத்தனை விதியும் அவர் தலையில்தான் இருந்தது. எந்த வடிவம் கேட்டாலும் கண்ணை மூடி யோசித்து, "அதோட இதைப் போடாதீங்க" என்பார். அவர் லீவில் இருந்த வாரத்தில்தான் அந்த பேஸ்ட் நடந்தது. விசாரணையில் பேஸ்ட் செய்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க ஏன் ஒழுங்கா எழுதி வைக்கலை" என்று அக்காவைத்தான் கேட்டார்கள். எழுதி வைக்க ஒரு டூல் வேண்டும் என்று அவர் இரண்டு தடவை மெயில் போட்டிருந்தார். இரண்டுக்கும் வந்த பதில், எக்செல் போதுமே என்பதுதான். மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

முந்தாநாள் சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்த அக்காவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.