சிக்கிள் செல்: அந்தப் பழைய கேப்சூலை நிறுத்திவிடாதீர்கள்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர், எல்லை தாண்டி கேரளத்தின் சுல்தான் பத்தேரி. எங்கே போனாலும் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளைந்து வலி தரும் பரம்பரை ரத்த நோய்) உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்பது இதைத்தான்: "வெளிநாட்டுல புது மருந்து வந்துடுச்சாமே, நமக்கு எப்ப வரும்?" ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் புது மருந்துகள் என்ன ஆயின, கையில் இருக்கும் பழைய ஹைட்ராக்ஸியூரியா கேப்சூல் என்ன செய்கிறது என்று யாரும் இவர்களிடம் சொல்லவில்லை.

2019-இல் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. கிரிசான்லிசுமாப் என்பது மாதாமாதம் நரம்பில் ஏற்றும் ஊசி. பிறகு நடந்த பெரிய ஆய்வில் வெறும் மருந்தில்லா ஊசியைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை. ஐரோப்பா 2023-இல் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வாக்ஸெலோட்டார் மாத்திரை ஹீமோகுளோபினை உயர்த்தியது உண்மை. ஆனால் வலி வருவதும் சாவுகளும் கவலை தரும் அளவில் இருந்ததால், 2024 செப்டம்பரில் தயாரித்த நிறுவனமே உலகம் முழுவதும் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ரிப்போர்ட்டில் எண் ஏறுவது வேறு, பிள்ளை வலியில்லாமல் பள்ளிக்கூடம் போவது வேறு. மரபணுவை மாற்றும் ஜீன் சிகிச்சை 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒருவருக்குக் குறைந்தது 22 லட்சம் டாலர், அதற்கு முன் கடுமையான கீமோதெரபி வேறு.

பழைய ஹைட்ராக்ஸியூரியாவின் கதை வேறு. 1995-இல் வெளியான, 299 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், மருந்தில்லா கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கு வருடத்துக்கு நாலரை வலித் தாக்குதல் வந்தது, இதைச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டரைதான். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 606 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில் வலி குறைந்தது, மலேரியாகூடக் குறைந்தது, சாவும் குறைந்தது. ஒரு கேப்சூல் ஏறக்குறைய ஒரு டீ விலைதான். இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரி மலை மக்களிடம்தான், 1952-இல். அந்த மலையில் இந்தக் கேப்சூல் ஒழுங்காகப் போய்ச் சேராததுதான் என் ஆதங்கம்.

எங்கே தவறுகிறது? முதலில் பொறுமையில். கருவில் இருக்கும்போது நமக்கு இருந்த எஃப் வகை ஹீமோகுளோபினை இந்த மருந்து மறுபடி கூட்டுகிறது. அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டாம் மாதம் ஆடி மழையில் நனைந்து பிள்ளைக்கு வலி வந்ததும் "இது கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். போனில் தேடினால் "புற்றுநோய் மருந்து" என்று வரும், பயம் கூடும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், போனில் தேடினால் அப்படித்தான் வரும் என்ற இரண்டையும் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள்.

அடுத்தது அளவு. இந்தியாவில் பல இடங்களில் கிலோவுக்கு 10 மி.கி. என்று தொடங்குகிறார்கள். கூட்டிக்கொண்டே போய்த் தாங்கும் அளவைக் கண்டுபிடிப்பதே மேல் என்று 2020-இல் உகாண்டா ஆய்வு காட்டியது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அதை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். இங்கே கூட்டுவது இருக்கட்டும், எடையோடு சேர்ந்துகூட அளவு ஏறுவதில்லை. 15 கிலோவில் 150 மி.கி. எழுதிய சீட்டு, பிள்ளை 25 கிலோ ஆன பிறகும் அப்படியே இருக்கிறது. அப்போது கிலோவுக்கு வெறும் 6 மி.கி.!

150 மி.கி.க்குக் கேப்சூலே கிடையாது, இங்கே பெரும்பாலும் கிடைப்பது 500. டாக்டரோ மருந்தாளரோ காட்டிக்கொடுத்தபடி, கேப்சூலைத் திறந்து 10 மி.லி. தண்ணீரில் நன்றாகக் கலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் 3 மி.லி. எடுத்துக் கொடுத்தால் 150 மி.கி. ஆகும். மீதியை வைத்திருக்கக் கூடாது. கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பொடியைத் தொடவே வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது. தொடக்கத்தில் மாதம் ஒரு தடவை, நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. எடுக்க வேண்டும். வெள்ளை அணு, குறிப்பாகக் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில், அல்லது பிளேட்லெட் ரொம்பக் குறைந்தால் டாக்டர் சில நாள் நிறுத்தச் சொல்வார். ஏறியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார். அந்த "மறுபடி தொடங்குவது" நடக்கிறதா என்று கவனியுங்கள், பல பிள்ளைகளுக்கு மருந்து அங்கேதான் நின்றுபோகிறது. அதே தாளில் எம்.சி.வி. என்று ஒரு எண் இருக்கும், சிவப்பணுவின் சராசரிப் பருமன். ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு அது மாதங்கள் போகப் போக ஏறும். நம் பக்கம் ஆல்ஃபா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் குறைபாடும் சேர்ந்து வருவதால் தொடக்க எண்ணே குறைவாக இருக்கலாம். அதனால் பிள்ளையின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறவே இல்லை என்றால் திட்டாமல் விசாரியுங்கள். பெரும்பாலும் மருந்து தீர்ந்திருக்கும், வாங்கப் போனால் ஒருநாள் கூலி போய்விடும்.

"ரத்தம் கம்மி" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது இன்னொரு தவறு. இரும்புக் குறைவு இருக்கிறது என்று, உடலின் இரும்பு இருப்பை அளக்கும் ஃபெரிட்டின் பரிசோதனை காட்டினால் மட்டும் கொடுங்கள். ரத்தம் ஏற்றிய பிள்ளைக்கு ஏற்கெனவே இரும்பு சேர்ந்திருக்கும்.

கிருமித்தொற்றைத் தடுக்க, ஐந்து வயது வரை தினம் இரண்டு வேளை பென்சிலின் அவசியம். அம்மாக்களே, இடது விலாவுக்குக் கீழே கையை மெதுவாக வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். திடீரென்று பெரிதாகி, பிள்ளை வெளுத்துச் சோர்ந்தால் ஜீப் பிடித்து உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நல்ல காய்ச்சலுக்கும் அதேதான், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மருந்து கொடுக்கும் இரு மாநிலத்து ஆஸ்பத்திரிகளிடமும் ஒரு வேண்டுகோள். காப்பி பறிப்பு, மிளகு பறிப்பு என்று குடும்பம் எல்லை தாண்டும் மாதங்களில், பரிசோதனை எண்கள் நிலையாக இருக்கும் பிள்ளைக்காவது மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுங்கள். கார்டில் எடை, மருந்தின் அளவு, கடைசி எம்.சி.வி. மூன்றையும் எண்ணில் எழுதுங்கள். தமிழோ மலையாளமோ, எண்ணை இரண்டு பக்கத்து நர்ஸும் படிப்பார்கள்.