தத்துப் பத்திரத்தை நம்பி விசாவுக்குப் போய் நிற்காதீர்கள்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்குப் பிள்ளையைத் தத்துக் கொடுக்க ஒரு முத்திரைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும் என்று வேலூர்ப் பக்கம் இன்னும் பலர் நினைக்கிறார்கள். நர்ஸ் வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் பிள்ளையில்லாதவருக்கு ஊரிலிருக்கும் தங்கையோ தம்பியோ தன் பிள்ளையைக் கொடுக்க முன்வருவதும் புதிதல்ல. நோக்கத்தில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். வழிதான் தவறு, சில சமயம் நோக்கமும்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் சத்துவாச்சாரியில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தது. (ஊரையும் உறவையும் மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள்.) ஹோமம் முடிந்து, பத்திரம் பதிவாகி, போட்டோ ஆல்பம்கூடத் தயார். தத்தெடுத்த பெரியம்மா அமெரிக்காவில். "பதிவுப் பத்திரத்தையே ஏற்க மாட்டார்களாம், இது என்ன சட்டம் சார்?" என்று அப்பா கொதித்தார். சிறுமிக்கு எட்டு வயது இருக்கும். என் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து உள்ளங்கையில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே போகப்போகிறாய் என்று கேட்டேன். "பெரியம்மா வீட்டுக்கு. லீவு முடிந்ததும் வந்துவிடுவேன்" என்றாள். "சும்மா இரு" என்று அம்மா அதட்டினார்.

இந்து தத்தெடுப்புச் சட்டம் 1956-இன்படி எழுதிய பத்திரத்துக்கு ஊருக்குள் மதிப்பு உண்டு. விமானம் ஏற அது போதாது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் தடையின்மைச் சான்று வேண்டும். நாடுவிட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. அமெரிக்காவும் அதில் இருக்கிறது. குழந்தை அங்கே நுழையவும் நிரந்தரமாகத் தங்கவும் அனுமதி உண்டு என்று அந்த நாடு முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனவே வேலை தொடங்குவது நம் பதிவு அலுவலகத்தில் அல்ல, தத்தெடுப்பவர் வசிக்கும் நாட்டில். அங்கே அங்கீகாரம் பெற்ற முகமை அவர்கள் வீட்டை ஆய்வு செய்யும். இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பிள்ளையைப் பெற்ற குடும்பத்தைப் பற்றி அறிக்கை தரும். பிறகுதான் உத்தரவுக்கு மனு. 2022 செப்டம்பர் முதல் அந்த உத்தரவைத் தருபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். உறவு என்றால் எல்லா உறவும் இல்லை: பெற்றோருடன் பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, அவ்வளவுதான். ஒன்றுவிட்ட உறவுகள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இதையெல்லாம் தாண்டிக் குழந்தையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் இளைஞர் நீதிச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 2005-இல் சென்னையில் வெளியான வழக்கை நினைவுபடுத்துகிறேன். ஏழைத் தாய்மார்களின் குழந்தைகள் தெருவிலிருந்து கடத்தப்பட்டு, ஒரு தத்து மையம் வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிருந்தார்கள். காகிதம் இல்லாமல் போகவில்லை. பொய்க் காகிதத்தோடு போனார்கள். வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடு பற்றி ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் 1984-இலேயே நெறிமுறை வகுத்திருந்தது. அதற்குப் பின்னும் இப்படி.

இன்னொரு நம்பிக்கையும் நம் ஊரில் உண்டு: வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போகிற அனாதைக் குழந்தை அதிர்ஷ்டசாலி. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. பெற்றவளே ஒப்படைத்த குழந்தையானாலும் மனம் மாற அவளுக்கு 60 நாள் உண்டு. தத்துக்கு உரியது என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்த பிறகு 60 நாளில் இந்தியப் பெற்றோர் அமையவில்லை என்றால்தான் வெளிநாட்டுக் கதவு திறக்கிறது. அதிலும் உடலோ மனமோ குறையுள்ள குழந்தைகள், உடன்பிறப்புகள், ஐந்து வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது சட்டம். நாம் சிவப்பாக, நோயில்லாமல், கைக்குழந்தையாகக் கேட்டுக் காத்துக்கிடக்கிறோம். மற்றக் குழந்தைகளுக்குக் கடல் கடந்துதான் வீடு கிடைக்கிறது. இதில் வெளிநாட்டாரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

ஆனால் தாயும் தகப்பனும் உயிரோடு, கஞ்சிக்குக் குறைவில்லாமல் இருக்கும் வீட்டிலிருந்து, அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டை (கிரீன் கார்டு) கிடைக்கும் என்பதற்காக ஒரு பெண்ணைப் பெயர்த்து அனுப்புவதை நான் வேறாகத்தான் பார்க்கிறேன். அது பெரியவர்களின் தேவை. தேவை நியாயமாகவே இருக்கலாம். பிள்ளையின் நலன் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். குழந்தையின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதன் விருப்பத்தைக் கருத வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நடப்பில், கூடத்தில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, சொந்தபந்தம் சுற்றி நிற்க, "போகிறாயா பாப்பா?" என்று கேட்கிறார்கள். அங்கே எந்தக் குழந்தை இல்லை என்று சொல்லும்?

பள்ளிக்கூடத்திலோ வேறிடத்திலோ, வீட்டார் இல்லாமல், குழந்தைகளோடு பேசிப் பழகிய ஒருவர் அவளிடம் பேச வேண்டும். லீவு முடிந்தும் திரும்ப மாட்டாய் என்பதை அவளுக்குப் புரியும்படி சொன்ன பிறகு கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட அறிக்கையை ஆட்சியர் வரவழைக்க வேண்டும் என்று மனுவிலேயே நாம் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. இனி நான் போடும் மனுக்களில் அந்தப் பத்தி இருக்கும். பிடிக்காத குடும்பத்தார் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளட்டும்.